உதாரணத்தில் இருந்த பெயர்

மோனிஷாவுக்குப் பொய்யாக ஒரு உதாரணம் எழுத வராது. இது நல்ல குணமா, கெட்ட குணமா என்று கேட்டால், போன அக்டோபர் வரைக்கும் அவள் யோசிக்காமல் நல்ல குணம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

கட்டப்பனையில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கிற சின்ன மென்பொருள் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஏலக்காய் உலர்த்தும் கட்டிடத்தை அந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரில் இருக்கும் டிரையரின் சூட்டை ஏற்றி இறக்க இந்தக் கம்பெனி ஒரு பெட்டியும் அதற்கான மென்பொருளும் செய்து விற்றது. முதலாளி ஜோமோன், நிரல் எழுத இரண்டு பையன்கள், கையேடு எழுத மோனிஷா. கையேடு எழுதுகிறவள் என்று பேர்தான். ஸ்டோர்களிலிருந்து வரும் போனை எடுப்பதும், திட்டு வாங்குவதும், அச்சடித்த தாள்களை ஜீப்பில் ஏற்றி அனுப்புவதும் அவள் தலையில்தான்.

இதற்கு முன்பு இரண்டு வருஷம் வண்டன்மேட்டில் ஒரு தோட்டத்து ஆபீசில் பூச்சி மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இருநூறு லிட்டர் டிரம்முக்கு எந்த மருந்து எத்தனை மில்லி என்று எழுதி மருந்து ஷெட்டின் கதவில் ஒட்ட வேண்டும். ஒட்டியதை ஆட்கள் அப்படியே ஊற்றுவார்கள். ஒரு சொட்டு கூட்ட மாட்டார்கள், ஒரு சொட்டு குறைக்க மாட்டார்கள். சொந்த மூளையைக் காட்டப் போய் ஒருவன் மூன்று ஏக்கர் செடியைக் கருக்கிய கதை அந்த மலையில் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அப்படிப்பட்ட சீட்டில் 'உதாரணமாக' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. எழுதினால் உண்மையை எழுது, இல்லாவிட்டால் எழுதாதே. மோனிஷா அங்கே பழகியது அது.

அதனால் கம்பெனிக்குக் கையேடு எழுத உட்கார்ந்தபோது ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டாள். தன் கண்ணெதிரே ஓடிய கட்டளையைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை. மற்ற மென்பொருள்களின் கையேடுகளில் 'இங்கே உங்கள் பெயர்', 'இங்கே உங்கள் கடவுச்சொல்' என்று ஒப்புக்கு எழுதியிருப்பதைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சல் வரும். அப்படியே அடித்தால் ஓடாத ஒன்றை எதற்கு உதாரணம் என்று காட்டுகிறார்கள் என்று பையன்களிடம் சண்டைக்குப் போவாள். அவர்கள் காதில் ஒயரை மாட்டிக்கொள்வார்கள்.

பெட்டியில் படமும் பொத்தானும் கிடையாது. அதெல்லாம் அடுத்த வருஷம் என்று ஜோமோன் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு கறுப்புத் திரை, அதில் ஒரு வரி அடிக்க வேண்டும். ஸ்டோர் எண், கடவுச்சொல், வேண்டிய சூடு. மூன்றையும் வரிசையாக அடித்துத் தட்டினால் 'சரி' என்று வரும், டிரையர் கேட்கும்.

முதன்முதலாக அந்த வரியை ஒரு நிஜமான டிரையரில் ஓட்டிப் பார்க்க மோனிஷா போனது சக்குபள்ளத்துக்கு. அங்கே யாக்கோபு என்ற தோட்டக்காரரின் ஸ்டோருக்குப் பெட்டிக் கணக்கில் ஏழாம் எண். பதினோரு வருஷமாக அந்த டிரையரைப் பார்த்துக்கொள்கிறவள் மூக்கம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தட்டிலிருந்து இரண்டு காயை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்து இன்னும் நாலு மணி நேரம் என்று சொன்னால், நாலு மணி நேரம்தான். கம்ப்யூட்டரைக் கண்டதும் முதல் நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாம் நாள் மோனிஷாவை எழுப்பிவிட்டு நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டாள்.

"பாஸ்வேர்டுன்னா மறக்காத பேரா இருக்கணும்ல? எம்மக பேரப் போட்டுக்கிறேன்த்தா. தேனியில நர்ஸுக்குப் படிக்கிறா. அவ பேரு மறந்தா நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள்.

மகள் பெயர் செல்வப்பிரியா. அதோடு ஸ்டோர் எண் ஏழையும் சேர்த்து, ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். கடைசி இரண்டு மணி நேரத்துக்கு டிரையரை அறுபத்தைந்து டிகிரிக்கு ஏற்றுவது வழக்கம். காய் அதற்குள் உலர்ந்திருக்கும், கடைசிச் சூடு கொடுத்தால் கலகலவென்று பிரியும். மூக்கம்மாள் அந்த வரியை அடித்தாள். 'சரி' என்று வந்தது. விசிறியின் சத்தம் மாறியது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டினார்கள். மோனிஷா அந்த வரியை அப்படியே எடுத்து, ஒரு புள்ளி விடாமல், கையேட்டின் பதினொன்றாம் பக்கத்தில் போட்டாள். ஜூன் மாதம் அந்தக் கையேடு முப்பத்தொரு ஸ்டோர்களுக்குப் போனது. பெரும்பாலான ஸ்டோர்களில் பதினொன்றாம் பக்கத்தைத் தனியாகக் கிழித்து, லேமினேட் செய்து, கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதைக் கேட்டபோது மோனிஷாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலையில் ஜோமோன் அவள் மேசைக்கு வந்தார். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும்.

"மோனிஷா, யாக்கோபு சேட்டன் போன்ல விளிச்சு. நேத்து ஒரு டிரையர் முழுக்கக் காய் போச்சு. பச்சக்காய் ஏத்தின அன்னைக்கே சூடு அறுபத்தஞ்சுக்குப் போயிருக்கு. அவருக்கு அந்தப் பதிவு வேணும். பிரிண்ட் எடுத்து அனுப்பு, அவ்வளவுதான் காரியம்."

பச்சைக்காயை ஐம்பதுக்கு மேலே கொண்டுபோனால் பச்சை நிறம் போய்விடும். அறுபத்தைந்தில் மூன்று மணி நேரம் இருந்தால் மஞ்சளும் பழுப்புமாகி வாய் பிளந்துவிடும். அந்தக் காயை ஏலத்துக்குக் கொண்டுபோனால் சிரிப்பார்கள்.

யார், எப்போது, எந்தச் சூட்டைக் கேட்டார்கள் என்று பெட்டி ஒரு பதிவு வைத்திருக்கும். மோனிஷா திறந்து பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு, ஏழாம் ஸ்டோரின் கடவுச்சொல்லை அடித்து, அறுபத்தைந்து என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்த ஸ்டோரில் கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டு பேர். யாக்கோபு அன்றைக்குக் கோட்டயத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள்.

அச்சு வந்துகொண்டிருக்கும்போதே அந்த ஒரே ஆளிடமிருந்து போன் வந்தது.

"நான் மூக்கம்மா பேசுறேன்த்தா. நீயாச்சும் சொல்லு. நான் அம்பதுல வச்சிட்டு, அடுத்த ரூம்புல முந்தின எடுப்புல பறிச்ச காயத் தரம் பிரிச்சிக்கிட்டு இருந்தேன். அஞ்சு மணிக்கு வந்து பாத்தா வாடையே வேற மாதிரி இருக்கு. மொதலாளி, நீதான் தூக்கக் கலக்கத்துல அமுக்கியிருப்பேங்குறாரு. சனிக்கெழம வரைக்கும் வந்துட்டு வேலய விட்டு நின்னுக்கச் சொல்லிட்டாரு."

"நீங்க தெரியாம கீபோர்டுல மேல் அம்ப அமுக்கிட்டீங்களோக்கா? அமுக்குனா பழைய வரி வந்துரும்ல?"

கேட்டுவிட்டு மோனிஷா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீயும் அப்பிடித்தான் நெனைக்கிறியா?" என்றாள் மூக்கம்மாள். பிறகு, "லயத்து வீடுகள்ல அம்புட்டுப் பேரும் அப்பிடித்தான் பேசுறாளுக. பதினோரு வருசத்துல ஒரு தட்டு நான் கருக விட்டதில்ல. வேல போனா போகட்டும், எவன் தோட்டத்துலயாச்சும் ஏலக்கா எடுத்துப் பொழச்சுக்கிருவேன். கருக்குனவங்குற பேரோட போகச் சொல்றியா? பெட்டிக்குத் தெரியும்ல? பெட்டிகிட்ட கேட்டுச் சொல்லுத்தா."

பெட்டி சொன்னதுதான் மோனிஷாவின் கையில் சூடாக அச்சாகி இருந்தது. அதை மூக்கம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பார்க்கிறேன்க்கா என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு மதியம் சோற்றுப் பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள். தாளை மறுபடி மறுபடி பார்த்தாள். வழக்கமாக யாரும் கவனிக்காத ஒரு கட்டம் வரிசையின் கடைசியில் இருந்தது. எந்தப் பெட்டியிலிருந்து அந்த வரி வந்தது என்று காட்டும் எண் அது. ஏழாம் ஸ்டோருக்கு வரும் வரிகள் எல்லாம் ஏழாம் பெட்டியிலிருந்துதான் வந்திருந்தன. இரண்டு பத்துக்கு வந்தது மட்டும் இருபத்துமூன்றாம் பெட்டியிலிருந்து வந்திருந்தது. இரண்டு ஸ்டோர் வைத்திருக்கும் முதலாளிகள் ஒரு இடத்தில் உட்கார்ந்து இரண்டையும் பார்க்கட்டும் என்று பையன்கள் அந்த வழியைத் திறந்து வைத்திருந்தார்கள். கடவுச்சொல் சரியாக இருந்தால் போதும், எந்தப் பெட்டியிலிருந்தும் எந்த ஸ்டோரையும் ஆட்டலாம்.

இருபத்துமூன்று, ஜூனிலேயே பெட்டி வாங்கி வைத்துவிட்டுப் போன மாதம்தான் ஓட்ட ஆரம்பித்த, வண்டன்மேட்டில் உள்ள ஒரு ஸ்டோர். அங்கே டிரையர் பார்க்கிறவன் வினோ. மோனிஷா அவனுக்குப் போன் போட்டாள்.

"ஆமா மேடம், செவ்வாக்கெழம மத்தியானம் கடைசிச் சூடு வச்சேன். மொத தடவ நானே வச்சது. சரின்னு வந்துச்சே. என்னா, எதுவும் பிரச்சனையா?"

"என்ன அடிச்சீங்க வினோ?"

"புக்குல உள்ளதுதான். பதினொண்ணாம் பக்கத்தச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கேன்ல, அதப் பாத்து அப்பிடியே அடிச்சேன். ஒரு எழுத்து மாத்தல. இருங்க, மேல் அம்ப அமுக்குனா அந்த வரி வரும், போட்டோ புடிச்சுப் போடுறேன்."

அவன் குரலில் பெருமை இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்தவனின் பெருமை. போட்டோ வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏழு என்ற ஸ்டோர் எண், செல்வப்பிரியாவின் பெயர், அறுபத்தைந்து. மோனிஷா எழுதிய வரி.

"நல்லா தெரியுதா மேடம்?" என்றான் வினோ. "ஆமா, யாரு மேடம் அந்த செல்வப்பிரியா? ஜோமோன் சார் மகளா?"

மோனிஷா போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். வினோவைத் திட்ட முடியுமா? எண்ணை மாற்று, கடவுச்சொல்லை மாற்று என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொல் கிடையாது. மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி படித்திருக்கிறான். மருந்துச் சீட்டை எழுதுகிற மாதிரி அவள் எழுதியிருக்கிறாள். அவனுடைய டிரையர் ஐம்பதிலேயே நின்றிருக்கிறது, காய் மெதுவாகக் காய்ந்ததில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சக்குபள்ளத்தில் அன்று காலையில்தான் ஏற்றிய பச்சைக்காய் வெந்திருக்கிறது. ஒருத்தி நம்பிச் சொன்ன பெயரை முப்பத்தொரு சுவரில் ஒட்டிவிட்டு, அவளிடமே போய் நீங்கள் அமுக்கினீர்களா என்று கேட்டோமே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

ஜோமோனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"முப்பத்தொண்ணு ஸ்டோர் மோனிஷா. கடவுச்சொல்லை நாமளே அச்சடிச்சு ஒட்டினோம்னு தெரிஞ்சா எல்லாரும் பெட்டியக் கழட்டி வெளிய வெச்சிடும். நான் யாக்கோபு சேட்டன்கிட்ட பேசுறேன். நெட்வொர்க் பழுதுன்னு சொல்லிடலாம். அந்தச் சேச்சிக்கும் வேல திரும்பக் கிடைக்கும். ஏழாம் ஸ்டோர் பாஸ்வேர்ட இப்ப மாத்தினா சந்தேகம் வரும், அப்புறம் மாத்திக்கலாம்."

கேட்டதும் மோனிஷாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைப்பானேன். அவளுக்கும் வேலை வேண்டும், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். தன் பெயர் வராமல் மூக்கம்மாளுக்கு வேலை திரும்பினால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஜோமோன் அங்கேயே ஒலிபெருக்கியில் யாக்கோபுவைக் கூப்பிட்டார். நெட்வொர்க் பழுது என்று நயமாகச் சொன்னார். யாக்கோபு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஜோமோனே, பழுதானா பெட்டி நின்னு போகும். எனக்கு அது புரியும். பழுதான பெட்டி பாஸ்வேர்ட் அடிச்சு, அறுபத்தஞ்சு வேணும்னு கேக்குமோ? நீங்க அவளப் பாவம்னு பாத்துப் பேசுறீங்க. நல்ல மனசு. ஆனா காய் என்னோடது." வைத்துவிட்டார்.

"நம்மளால ஆனது செஞ்சாச்சு," என்றார் ஜோமோன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மோனிஷா இன்னொரு வழி பார்த்தாள். வியாழக்கிழமை முழுவதும் ஒவ்வொரு ஸ்டோராகக் கூப்பிட்டு, பதினொன்றாம் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள், புதுசு அனுப்புகிறோம் என்றாள். சரி சரி என்றார்கள். அணைக்கரைப் பக்கத்து ஸ்டோர்க்காரர் மட்டும் மனசில் உள்ளதைச் சொன்னார்: "என்னாத்துக்குக் கிழிக்கணும்? நல்லாத்தான ஓடுது. என்ன தப்புன்னு சொல்லு, கிழிக்கிறேன்." அவர் கேட்டது நியாயம் என்று அவளுக்கே தெரிந்தது. காரணம் சொல்லாமல் மருந்துச் சீட்டை மாற்றச் சொன்னால் அவளும் மாற்றியிருக்க மாட்டாள். உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் அந்தத் தாள்களைச் சுவரிலிருந்து இறக்க முடியாது, தன் பெயரைச் சொல்லாமல் மூக்கம்மாள் மேல் விழுந்த பழியைத் துடைக்க முடியாது. எங்கே சுற்றிப் போனாலும் அங்கேயேதான் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை புதிய பதினொன்றாம் பக்கத்தை எழுதினாள். பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. கடவுச்சொல்லை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அடித்தால், பெட்டி தானாகவே கடவுச்சொல்லைக் கேட்கும். அப்போது அடிப்பது திரையிலும் தெரியாது, மேல் அம்பை அமுக்கினாலும் வராது. அந்த வசதி முதல் நாளிலிருந்தே இருந்தது. ஒரே வரியில் முடிந்தால் ஆட்களுக்குச் சுலபம் என்று அவள்தான் எழுதாமல் விட்டிருந்தாள். ஸ்டோர் எண் வர வேண்டிய இடத்தில் இப்போது எண் போடவில்லை, ஒரு காலிக் கட்டம் வரைந்தாள். பேனாவால் உங்கள் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள் என்று பக்கத்தில் சொன்னாள். எழுதாமல் அடித்தால் ஓடாது. ஓடாத உதாரணம் ஒன்றை அவள் எழுதியது அதுதான் முதல் தடவை, வேண்டுமென்றே எழுதினாள்.

மேலே, கொட்டை எழுத்தில், பழைய தாளை ஏன் கிழிக்க வேண்டும் என்று எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டாள்.

ஜோமோன் படித்தார். அவர் கொஞ்சம் தமிழ் படிப்பார். "பேரு வேண்டாம். கம்பெனின்னு போடு."

"கம்பெனின்னா யாரு சார்? கருக்குனது மூக்கம்மாள்னு பேரச் சொல்லித்தான ஊரே பேசுது. அவங்களுக்கு மட்டும் பேரு இருக்கு, நமக்கு இல்லையா?"

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "போ. கொண்டு போய்க் கொடு. மத்தத நீ வந்தப்புறம் பேசலாம்," என்றார். அந்த மற்றது என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் போக மனம் வராது என்று பயந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சக்குபள்ளத்தில் இறங்கினாள். ஸ்டோருக்குள் மூக்கம்மாள் காலித் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி நாள் என்றாலும் ஒரு தட்டைக்கூட அரைகுறையாகத் துடைக்கவில்லை. யாக்கோபு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புது ஆளைப் பற்றி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மோனிஷாவைப் பார்த்ததும், பிரிண்ட் கொண்டு வந்தியா என்றார்.

அவள் புதிய தாளை நீட்டினாள். யாக்கோபுவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூக்கம்மாளிடம் கொடுத்தார். "வாயிச்சுச் சொல்லு," என்றார்.

மோனிஷா இதை எதிர்பார்க்கவில்லை. தானே வாயால் சொல்லிவிட வேண்டும் என்று ஜீப்பில் வரும்போது ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அதற்குள் மூக்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தாளை எட்டப் பிடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"'பழைய பதினொன்றாம் பக்கத்தை உடனே கிழித்துவிடுங்கள். அதில் உதாரணம் என்று நான் எழுதியது உதாரணம் இல்லை. சக்குபள்ளம் ஏழாம் ஸ்டோரின் உண்மையான கடவுச்சொல்லை, அவர்களிடம் கேட்காமல், அப்படியே அச்சடித்துவிட்டேன்...'"

அங்கே நிறுத்தினாள். கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டியிருந்த பழைய தாளைப் பார்த்தாள்.

"எம்மக பேருதான அது?" என்றாள்.

"ஆமாக்கா."

"புக்கு வந்தன்னைக்கு லயத்துல உள்ள அம்புட்டுப் பேரையும் கூட்டியாந்து காட்டுனேனே. இங்கிலீசு எழுத்துல எம்மக பேரு அச்சாயிருக்கு பாருங்கடி, அந்தப் புள்ள நம்ம மேல பாசத்துல போட்டிருக்குன்னு சொன்னேனே. எம்மக செல்விக்குக்கூடப் போட்டோ அனுப்புனேன்."

மோனிஷா அதைப் பாசத்தில் போடவில்லை. அப்படி ஒரு எண்ணமே அவளுக்கு வரவில்லை. ஓடுகிற வரி ஒன்று வேண்டியிருந்தது, எடுத்துப் போட்டாள். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அழுதாள். மூக்கம்மாள் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. மீதியைப் படித்தாள், இப்போது சத்தம் குறைந்துவிட்டது.

"'செவ்வாய்க்கிழமை வேறொரு ஸ்டோரில் அந்த வரியைப் பார்த்து அப்படியே அடித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஏழாம் ஸ்டோரில் பச்சைக்காய் கருகியது அதனால்தான். அங்கே டிரையர் பார்க்கும் மூக்கம்மாள் அந்தச் சூட்டை ஏற்றவில்லை. ஏற்றியது நான் எழுதிய பக்கம். மோனிஷா.'"

யாக்கோபு எழுந்து நின்றார். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஒரு டிரையர் காய்! அறியுமோ உனக்கு? ஜோமோன் வரட்டும், நான் பேசிக்கிறேன்," என்று மோனிஷாவிடம் சத்தம் போட்டார். கொஞ்சம் நடந்தார். திரும்பி வந்து, மூக்கம்மாளைப் பார்க்காமல் டிரையரைப் பார்த்துக்கொண்டு, "திங்கக்கெழம வழக்கம்போல வா," என்றார்.

"நாளைக்குப் பச்சக்கா வருதுல்ல மொதலாளி? திங்கக்கெழம வரைக்கும் அத யாரு பாப்பா?"

அவர் டிரையரைக் கை காட்டிவிட்டு வாசலுக்குப் போனார். மூக்கம்மாள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பழைய தாளைச் சுவரிலிருந்து பிய்த்தாள். மடித்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். புதிய தாளை அந்த இடத்தில் ஒட்டப் போன மோனிஷாவைத் தடுத்தாள்.

"இங்க ஒண்ணு ஒட்டு. வெளிக்கதவுல ஒண்ணு ஒட்டு. கா கொண்டாந்து எறக்குற ஆளுக எல்லாம் படிக்கட்டும்."

இரண்டு தாளும் ஒட்டி முடிந்ததும் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடவுச்சொல்லை மாற்றும் வரியை எப்படி அடிப்பது என்று கேட்டாள். மோனிஷா சொல்லச் சொல்ல அடித்தாள். பெட்டி புதிய கடவுச்சொல்லைக் கேட்டது.

"தட்டுறேன், ஒண்ணும் விழ மாட்டேங்குதே?"

"விழாதுக்கா. அப்படித்தான். நீங்க பாட்டுக்கு அடிங்க, அதுக்குத் தெரியும்."

யாக்கோபு பக்கத்தில் வந்து நின்றார். "என்ன போடுறே? எனக்கும் சொல்லு. மறந்தா வேணும்."

"வேணாம் சேட்டா," என்றாள் மோனிஷா. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தனியா ஒண்ணு வச்சுத் தரேன். நீங்க சூட்ட மாத்துனா உங்க பேருல பதிவாகும், அக்கா மாத்துனா அக்கா பேருல."

யாக்கோபு முனகினார். ஆனால் நகர்ந்தார். மூக்கம்மாள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு மோனிஷாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும் அங்கிட்டுத் திரும்பிக்க," என்றாள்.

மோனிஷா திரும்பி, துடைத்து அடுக்கிய தட்டுகளைப் பார்த்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு எழுத்தாக, தேடித் தேடித் தட்டும் சத்தம் கேட்டது. பெட்டி இரண்டாம் தடவை கேட்டது, இரண்டாம் தடவையும் தட்டினாள். நாற்காலி நகர்ந்தது.

"இனிமே கருகுனா அது நான்தான் மொதலாளி," என்று மூக்கம்மாள் யாக்கோபுவிடம் சொல்வது கேட்டது. "கருகாட்டியும் நான்தான்."

வெளியே எதிர்வீட்டு ஜீப் கிளம்பிப் போனது. மூக்கம்மாள் நாளைக்கு வேண்டிய தட்டுகளை எடுக்க வந்து, மோனிஷாவைச் சுற்றிக்கொண்டு போனாள். திரும்பலாம் என்று யாரும் சொல்லாததால் மோனிஷா அப்படியே நின்றிருந்தாள்.